அண்ணனின் மரணப் படுக்கை அருகே பிறந்த சூப்பர் ஹிட்: யார் இந்த ஆர்தர் சல்லிவன்?

1877 ஜனவரி. லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் ஒரு வீடு. கட்டிலில் கிடப்பவர் ஃப்ரெட் சல்லிவன். வயது 39. மேடை ஏறினாலே ஜனங்களைச் சிரிக்க வைத்த காமெடி நடிகர். பக்கத்தில் நாற்காலி போட்டு, கிட்டத்தட்ட மூன்று வாரமாக இரவும் பகலும் உட்கார்ந்திருப்பவர் அவருடைய தம்பி ஆர்தர். வயது 34. அதற்குள் இங்கிலாந்தே அறிந்த இசையமைப்பாளர்.

ஒரு ராத்திரி அண்ணன் கொஞ்சம் கண் அயர்ந்தார். தம்பி ஒரு கவிதையைக் கையில் எடுத்தார். ஐந்து வருடம் முன்பே அதற்கு மெட்டுப் போடப் பார்த்து, வராமல் விட்ட கவிதை அது. அன்று வந்தது. கொஞ்ச நேரத்திலேயே பாட்டு தாளில் இறங்கிவிட்டது. கையெழுத்துப் பிரதியில் உள்ள தேதி ஜனவரி 13. ஐந்தாவது நாள், ஜனவரி 18 அன்று, ஃப்ரெட் இறந்துபோனார்.

அந்தப் பாட்டின் பெயர் 'தி லாஸ்ட் கார்ட்'. தொலைந்துபோன சுரக்கூட்டு என்று சொல்லலாம். அடுத்த 25 வருடங்களில் அதன் இசைத்தாள் 5 லட்சம் பிரதிகள் விற்றன. ரேடியோ இல்லை, ரெக்கார்டு இல்லை. அப்புறம் எப்படி ஒரு பாட்டு ஹிட் ஆனது? அந்த ஹிட்டையே காரணம் காட்டி அதை எழுதியவரை ஏன் திட்டினார்கள்? சல்லிவனின் கதையைப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

பேண்ட் மாஸ்டர் வீட்டுப் பையன்

ஆர்தர் சல்லிவன் பிறந்தது 1842 மே 13, லண்டனின் லாம்பெத் பகுதியில். அப்பா தாமஸ், ஒரு இசைக்கலைஞர். பின்னாளில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பேண்ட் மாஸ்டர் வேலை கிடைத்தது. பெரிய சம்பளம் கிடையாது. ஆனால் வீடு முழுக்க வாத்தியங்கள். எட்டு வயதிலேயே அந்த பேண்டில் உள்ள காற்று வாத்தியங்களில் பெரும்பாலானவற்றைப் பையன் வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

1854-ல் அரச குடும்பத்தின் தேவாலயப் பாடகர் குழுவான சாப்பல் ராயலில் சேர்ந்தான். அடுத்த வருடமே, 13 வயதில், அவன் எழுதிய பாடல் ஒன்று அச்சில் வந்தது. 1856-ல் மெண்டல்சன் பெயரில் புதிதாக ஒரு உதவித்தொகை அறிவித்தார்கள். போட்டியிட்டவர்களில் மிகச் சின்னவன் ஆர்தர். மிகப் பெரியவர் ஜோசப் பார்ன்பி. இருவரும் சம நிலையில் வர, மறுபடி ஒரு தேர்வு வைத்தார்கள். வென்றது 14 வயதுப் பையன். தோற்ற பார்ன்பியும் சாதாரண ஆள் இல்லை. டென்னிசனின் கவிதைக்கு அவர் அமைத்த 'ஸ்வீட் அண்ட் லோ' அந்தக் காலத்தின் புகழ்பெற்ற கூட்டுப்பாடல்களில் ஒன்று.

உதவித்தொகை ஆர்தரை முதலில் லண்டன் ராயல் அகாடமிக்கும், 1858-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கும் கொண்டுபோனது. படிப்பை முடிக்கும்போது அவர் எழுதியது ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்துக்கான இசை. 1862 ஏப்ரலில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அதை வாசித்தார்கள். மறுவாரமே இன்னொரு முறை வாசிக்க வேண்டி வந்தது. இரண்டாவது முறை கேட்க வந்தவர்களில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர். இங்கிலாந்துக்கு ஒரு மேதை கிடைத்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது அவருக்கு வயது 19.

மேதைப் பட்டம் வந்துவிட்டது. வாடகை? அதற்குத்தான் வேறு வழி தேட வேண்டியிருந்தது. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், பாடம் எடுத்தார், பாட்டு எழுதி விற்றார். அந்தப் பாட்டுகள்தான் பார்லர் பாலட்.

பார்லர் பாலட் அப்படின்னா என்ன?

பார்லர் என்பது வரவேற்பறை. விக்டோரியா மகாராணி காலத்து நடுத்தர வர்க்க ஆங்கிலேயர் வீட்டில் அதுதான் கௌரவமான அறை. நல்ல சோபா, நல்ல திரைச்சீலை, சுவரோரமாக ஒரு பியானோ. தொழிற்சாலை உற்பத்தியில் பியானோ விலை இறங்கியது. மூன்று வருடத் தவணையிலும் கொடுத்தார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பம் முதலில் வாங்க நினைத்த சாமான்களில் அதுவும் ஒன்று. இன்றைக்குப் பெரிய டிவி மாதிரி.

பியானோ வந்தாச்சு. வாசிக்க என்ன இருக்கிறது? அங்கேதான் பாலட் வந்தது. ஒருவர் பாட, பியானோ துணை. நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குரல் ரொம்ப உச்சிக்கும் போகாது, ரொம்பக் கீழேயும் இறங்காது. பியானோ பகுதியைச் சுமாராகப் படித்த ஒரு பெண் சமாளித்துவிடலாம். ஒரே பாட்டை மேல் குரல், நடுக்குரல், கீழ்க்குரல் என்று வெவ்வேறு சுருதியில் அச்சிட்டு விற்றார்கள். யாருக்கு எது தோதோ அதை வாங்கிக்கொள்ளலாம்.

விஷயம்? பிரிவு, காதல், கடலுக்குப் போன கணவன், இறந்த குழந்தை, வானத்துத் தேவதை, பிறந்த வீட்டு ஞாபகம். கிட்டத்தட்ட எல்லாமே கண்ணீர் ரகம். குழந்தைச் சாவு பல வீடுகளில் நடந்த காலம் அது. சபை நாகரிகம் காரணமாக வாய்விட்டு அழ முடியாத ஒரு சமூகம், பாட்டின் பேரில் அழுதது. பெண் பார்க்கும் படலமும் இங்கேதான் நடந்தது. பெண் பாடுவாள், பையன் பக்கத்தில் நின்று தாளைப் புரட்டுவான். பேச முடியாததைப் பாட்டு பேசிவிடும்.

அந்தக் காலத்து இன்ஃப்ளூயன்சர்கள்

இது பெரிய பிசினஸாகவும் இருந்தது. ஜான் பூசி என்ற பதிப்பாளர் 1867-ல் லண்டனில் பாலட் கச்சேரிகளை ஆரம்பித்தார். பிக்காடில்லி பக்கத்தில் இருந்த செயின்ட் ஜேம்ஸ் ஹால்தான் இடம். சார்லஸ் சாண்ட்லி போன்ற நட்சத்திரப் பாடகர்கள் மேடையில் பாடுவார்கள். கேட்டவர்கள் மறுநாள் கடைக்குப் போய் இசைத்தாள் வாங்குவார்கள். அட்டையில் 4 ஷில்லிங் என்று அச்சிட்டிருக்கும். கடையில் பெரும்பாலும் பாதி விலைக்குத் தருவார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பதிப்பாளர் பாடகருக்கும் பங்கு கொடுத்தார். நீங்கள் இந்தப் பாட்டைத் தொடர்ந்து மேடையில் பாடுங்கள், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். இதற்கு ராயல்டி பாலட் என்றே பெயர். அட்டையில் பாடகர் பெயரைப் பெரிதாகப் போட்டார்கள். பிரபலம் ஒருவர் இன்ஸ்டாகிராமில் ஒரு பொருளைக் காட்டிக் காசு வாங்குகிறாரே, அதன் 150 வருடத்துக்கு முந்தைய வடிவம்.

இசையமைப்பாளருக்கு? அது அவருடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது. ஆரம்பத்தில் சல்லிவன் ஏமாந்தார். 1866 வாக்கில் ஷேக்ஸ்பியர் வரிகளுக்கு அவர் அமைத்த 'ஆர்ஃபியஸ் வித் ஹிஸ் லூட்' பாட்டை ஒரேயடியாக 5 பவுண்டுக்கு விற்றார். பாட்டு வருடக்கணக்கில் விற்றது. லாபமெல்லாம் பதிப்பாளருக்கு. பிறகு வேறொரு பாட்டை பூசியிடம் ராயல்டி அடிப்படையில் கொடுத்துப் பார்த்தார். வந்த பணத்தைப் பார்த்த பிறகு, எந்தப் பாட்டையும் மொத்தமாக விற்பதில்லை என்று முடிவு செய்தார். பிற்காலத்தில் அவர் வசதியாக வாழ்ந்ததற்கு இந்தப் பாடம் ஒரு முக்கியக் காரணம்.

நாலு குரல், ஒரே பாட்டு

பாலட் ஒருவர் பாடுவது. அதன் உடன்பிறப்பு பார்ட் சாங். இதில் பல குரல்கள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் பாடும். பெரும்பாலும் வாத்தியமே கிடையாது. மேல் குரலில் மெட்டு போகும், கீழே மற்ற மூன்று குரல்களும் அதற்கு மெத்தை விரித்தாற்போல் கூடவே நகரும். நம் சங்கீதத்தில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவோம். இங்கே ஆளுக்கொரு பாதை, சேரும்போதுதான் பாட்டு முழுமையாகும்.

பாலட் வரவேற்பறைக்கு என்றால், பார்ட் சாங் ஊர்ச் சங்கங்களுக்கு. ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள் எல்லாம் பாடகர் குழு வைத்திருந்தார்கள். இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கு ஜான் கர்வென் என்ற பாதிரியார் 'டானிக் சால்ஃபா' முறையைப் பரப்பினார். கோடும் புள்ளியும் இல்லாமல் டோ, ரே, மீ என்ற எழுத்துகளை வைத்தே பாடக் கற்றுக்கொடுக்கும் முறை. நோவெல்லோ நிறுவனம் மலிவு விலையில் பாடல் தாள்களை அச்சடித்துத் தள்ளியது. ஒரு தேசமே கூடிப் பாடியது என்று சொன்னால் மிகையில்லை.

சல்லிவனின் பார்ட் சாங்குகளில் இன்றும் நிலைப்பது 1868-ல் வந்த 'தி லாங் டே குளோசஸ்'. ஆண் குரல்களுக்காக எழுதியது. வரிகள் இசை விமர்சகர் ஹென்றி சோர்லி. நீண்ட பகல் முடிந்து இருள் இறங்குவதை, வாழ்க்கை முடிவதோடு சேர்த்துச் சொல்லும் பாட்டு. குரலே உயராது. சத்தம் போடாமல் துக்கத்தைச் சொல்லும். பிற்காலத்தில் டாய்லி கார்ட் நாடகக் கம்பெனியில் யாராவது இறந்தால் இதைத்தான் பாடுவார்கள்.

துக்கத்தை இசையாக்குவது அவருக்குப் புதிதல்ல. 1866-ல் அப்பா திடீரென இறந்தபோது, நார்விச் இசை விழாவுக்கு எழுத ஒப்புக்கொண்டிருந்த வேலை பாக்கி இருந்தது. சில நாட்களில் 'இன் மெமோரியம்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசையை எழுதி முடித்தார். அப்பாவுக்கான அஞ்சலி அது.

அண்ணனும் தம்பியும்

ஃப்ரெட் கட்டடக்கலை படித்தவர். மனசு நாடகத்தில். 1875-ல் நாடக ஆசிரியர் டபிள்யூ.எஸ். கில்பர்ட்டும் சல்லிவனும் சேர்ந்து 'ட்ரையல் பை ஜூரி' என்ற சின்னக் காமெடி ஓபராவைக் கொடுத்தபோது, அதில் நீதிபதி வேடம் ஃப்ரெட்டுக்கு. அரங்கம் அதிர்ந்தது. தம்பியின் மெட்டில் அண்ணன் ஸ்டார் ஆனார். ஆனா அந்தச் சந்தோஷம் இரண்டு வருடம்கூட நீடிக்கவில்லை.

சல்லிவன் அந்த ராத்திரி கையில் எடுத்த கவிதையை எழுதியவர் அடிலெய்டு பிராக்டர். பெண்களின் வேலை உரிமைக்காகப் பாடுபட்டவர், டிக்கன்ஸின் பத்திரிகையில் புனைபெயரில் எழுதி அறிமுகமானவர், 1864-ல் 38 வயதில் இறந்துபோனவர். கவிதையின் விஷயம் எளிமையானது. மனம் சோர்ந்த ஒருவர் ஆர்கன் முன் உட்கார்ந்து, விரல் போன போக்கில் வாசிக்கிறார். தற்செயலாக ஒரு சுரக்கூட்டு பிறக்கிறது. எல்லா வலியும் அடங்குகிறது. மறுபடி எத்தனை தேடியும் அது கிடைக்கவில்லை. சாவுக்குப் பிறகு அதை ஒருவேளை கேட்கலாம் என்று கவிதை முடிகிறது.

அண்ணனின் கட்டிலருகே இதைப் படித்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாட்டைக் கேட்டால் இன்னொன்று புரியும். தொடக்கத்தில் குரல் ஒரே சுரத்திலேயே நிற்கிறது. கீழே பியானோ மட்டும் தேவாலய ஆர்கன் மாதிரி நகர்கிறது. அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் போல. பிறகு மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் முழுக் குரலில் திறக்கிறது.

ஃப்ரெட் இறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 1877 ஜனவரி 31 அன்று, பூசியின் பாலட் கச்சேரியில் பாட்டு அரங்கேறியது. பாடியவர் அமெரிக்காவிலிருந்து வந்து லண்டனில் புகழ்பெற்ற அன்டாயினெட் ஸ்டெர்லிங். கனத்த, ஆழமான பெண் குரல். பியானோவில் சல்லிவனே உட்கார்ந்தார். அதன்பின் பாட்டு அவர் கையில் இல்லை. இங்கிலாந்தின் வரவேற்பறைகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்க்கொண்டே இருந்தது. தங்கள் வீட்டில் யாரையோ இழந்த ஒவ்வொருவரும் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சல்லிவனின் நெருங்கிய தோழி ஃபேன்னி ரொனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. விருந்துகளில் அவர் பாடும் 'தி லாஸ்ட் கார்ட்' கேட்பதற்காக எவ்வளவு தூரமும் வருவேன் என்று இளவரசர் எட்வர்ட் சொன்னதாக அப்போது பேச்சு. 1916-ல் அவர் இறந்தபோது, அந்தப் பாட்டின் பிரதி ஒன்றையும் அவருடன் வைத்துப் புதைத்தார்கள்.

எட்டுக் குழந்தைகள்

ஃப்ரெட் விட்டுச்சென்றது ஏழு குழந்தைகள். எட்டாவது வயிற்றில். கல்யாணம் செய்துகொள்ளாத தம்பி அந்தக் குடும்பச் செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பின்னர் அண்ணி சார்லட் மறுமணம் செய்துகொண்டு 1883-ல் குழந்தைகளோடு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தார். 1885-ல் அவரும் இறந்துபோனார். அந்த வருடமே சல்லிவன் லாஸ் ஏஞ்சலீஸ் வரை போய், பிள்ளைகளைப் பார்த்து, அவர்களுக்கான ஏற்பாடுகளைச் செய்துவிட்டு வந்தார். கடைசி வரை அவர்களுக்குப் பணம் அனுப்பினார். லண்டனிலேயே தங்கிவிட்ட அண்ணன் மகன் ஹெர்பர்ட்டைச் சொந்த மகன் மாதிரி வளர்த்தார். பிற்காலத்தில் சித்தப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களில் ஹெர்பர்ட்டும் ஒருவர்.

மரியாதை குறைந்த ஜனரஞ்சகப் பாட்டு என்று பேசும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பாட்டுகளும் ஓபராக்களும் தந்த காசில்தான் ஒரு குடும்பம் பிழைத்தது.

சர் பட்டம் கொண்டுவந்த சிக்கல்

அடுத்த 12 வருடங்கள் பெரிய ஓட்டம். கில்பர்ட் வரிகள், சல்லிவன் இசை, ரிச்சர்ட் டாய்லி கார்ட் தயாரிப்பு. 1878-ல் 'ஹெச்.எம்.எஸ். பினாஃபோர்'. அமெரிக்காவில் அதை எத்தனையோ கம்பெனிகள் காப்பியடித்து மேடையேற்றின. உரிமைத் தொகை என்று ஒரு பைசா வரவில்லை. அதனால்தான் அடுத்த படைப்பான 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' ஓபராவை 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே அரங்கேற்றினார்கள். 1881-ல் மின்விளக்குகளோடு சவாய் தியேட்டர். 1885-ல் 'தி மிகாடோ', 672 காட்சிகள்.

வெளியே பார்த்தால் கொண்டாட்டம். உள்ளே, 1870-களிலிருந்தே சிறுநீரக நோய் அவரைப் படுத்தியது. 'பினாஃபோர்' இசையைக்கூடக் கடும் வலிக்கு நடுவேதான் எழுதினார். 1882 மே மாதம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதே வருடம் நவம்பர் 25, 'அயோலாந்தி' அரங்கேறும் நாள். தன் சேமிப்பை நிர்வகித்த புரோக்கர் திவாலாகிவிட்டார், ஆயிரக்கணக்கான பவுண்டு காலி என்ற செய்தி வருகிறது. அன்று மாலை அவர் வழக்கம்போல மேடைக்கு முன் நின்று ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார்.

1883-ல் விக்டோரியா மகாராணி அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். உடனே இசைப் பத்திரிகைகளில் ஒரு குரல் எழுந்தது. ஒரு சாதாரண சல்லிவன் காமெடி ஓபரா எழுதலாம், பாலட் எழுதலாம். சர் ஆர்தர் எழுதலாமா? இனிமேலாவது சிம்பொனி, ஓரடோரியோ என்று கனமான வேலை பார்க்க வேண்டாமா?

இது வெளியாட்களின் குறை மட்டும் இல்லை. அவரையும் அரித்தது. 19 வயதில் மேதை என்று பெயர் வாங்கியவர் அவர். கில்பர்ட்டோடு அடிக்கடி மோதியதற்கும் இதுதான் அடிப்படை. வரிகளுக்கு எடுபிடியாகத் தன் இசை இருக்கிறது என்ற வருத்தம். 1886-ல் லீட்ஸ் விழாவுக்கு எழுதிய 'தி கோல்டன் லெஜண்ட்' பெரிய வெற்றி பெற்றது. 1891-ல் 'ஐவன்ஹோ' என்ற முழுநீள சீரியஸ் ஓபராவும் எழுதினார். அது சில மாதங்கள் ஓடியது. ஆனா ஜனங்கள் தெருவில் முணுமுணுத்தது பழைய பாட்டுகளைத்தான்.

மெஷினில் ஏறிய முதல் பாட்டுகளில் ஒன்று

1888 ஆகஸ்ட் 14. எடிசனின் புதிய ஃபோனோகிராஃபை லண்டன் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒலித்தது 'தி லாஸ்ட் கார்ட்'. கார்னெட் வாத்தியமும் பியானோவும் வாசித்த பதிவு. அது இன்றும் இருக்கிறது. நெட்டில் தேடினால் இரைச்சலுக்கு நடுவே கேட்கலாம்.

அதே வருடம் அக்டோபரில் ஒரு விருந்தில் சல்லிவனே அந்த மெஷின் முன் பேசினார். கண்டுபிடிப்பைப் பார்த்து வியப்பும் பயமும் ஒன்றாக வருகிறது என்றார். பயம் எதற்கு? எத்தனை மோசமான இசையெல்லாம் இனி அழியாமல் பதிவாகிவிடுமோ என்று. நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மெஷின்தான் பின்னாளில் வரவேற்பறைப் பாட்டின் காலத்தை முடித்துவைத்தது. ரெக்கார்டும் ரேடியோவும் வந்த பிறகு வீட்டில் யாரும் பாட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பாடிய குடும்பம் கேட்கும் குடும்பமாக மாறியது.

கடைசி விருப்பமும் நிறைவேறவில்லை

ஓபராக்கள் ஓட ஆரம்பித்த பிறகு சல்லிவன் பாலட் எழுதுவதை ஏறக்குறைய விட்டிருந்தார். 1899-ல் மட்டும் ஒருமுறை திரும்பினார். தென்னாப்பிரிக்காவில் போயர் போர். போருக்குப் போன வீரர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட, கிப்ளிங் எழுதிய 'தி ஆப்சென்ட் மைண்டட் பெக்கர்' கவிதைக்கு மெட்டமைத்தார். அந்தக் கவிதை, பாட்டு, அதையொட்டி விற்ற பொருட்கள் எல்லாம் சேர்ந்து திரட்டிய தொகை சுமார் 2,50,000 பவுண்டு.

மறு வருடம், 1900 நவம்பர் 22, லண்டன் விக்டோரியா தெரு வீட்டில் சல்லிவன் காலமானார். வயது 58. இசையின் காவல் புனிதராகக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் செசிலியாவின் திருநாள் அன்று.

அப்பா, அம்மா, அண்ணன் புதைக்கப்பட்ட பிராம்ப்டன் கல்லறையில் தன்னையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. குழியும் தயாராக இருந்தது. ஆனால் மகாராணியின் விருப்பப்படி, நாட்டின் பெருமக்கள் துயிலும் செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். பெரிய கௌரவம்தான். அண்ணன் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. பேராலயத்தில் டாய்லி கார்ட் கம்பெனிப் பாடகர்கள் நின்று, அவருடைய 'தி மார்ட்டர் ஆஃப் அந்தியோக்' படைப்பிலிருந்து ஒரு பகுதியைப் பாடினார்கள். முன்னே போய்விட்ட சகோதரனுக்கான இரங்கல் பாட்டு அது.

திறமையை வீணடித்தாரா?

இறந்த சில மாதங்களிலேயே விமர்சகர் ஃபுல்லர் மெய்ட்லாண்ட் ஒரு கட்டுரை எழுதினார். இவ்வளவு திறமை இருந்தும் காசுக்காகவும் கைதட்டலுக்காகவும் அதைத் தாழ்த்திக்கொண்டார் என்ற தொனியில். இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் கொதித்துப்போனார். இசை விமர்சனத்தின் அசிங்கமான பக்கம் இது என்று கண்டித்தார்.

நியாயமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் காலத்து பாலட்டுகளில் பெரும்பாலானவை அச்சில் வார்த்த பொம்மைகள். ஒரே கண்ணீர், ஒரே தேவதை. சல்லிவனும் வாடகைக்காகச் சுமாரான பாட்டுகள் எழுதினார். மான்டி கார்லோ சூதாட்ட மேஜைகளில் பணத்தை விட்டதும் உண்டு. அவர் எழுதாமல் விட்ட சிம்பொனிகள் என்னவாக இருந்திருக்கும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் ஒன்று. அவருடைய கனமான படைப்புகளைக் கேட்க டிக்கெட் வாங்கி மண்டபத்துக்குப் போக வேண்டும். 'தி லாஸ்ட் கார்ட்' வீட்டுக்கே வந்தது. இரண்டு ஷில்லிங் இருந்தால் போதும், ஒரு சாதாரணக் குடும்பம் தன் துக்கத்தைத் தானே பாடிக்கொள்ள முடிந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. பலியானோரின் குடும்பங்களுக்காக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஒரு நிதிக் கச்சேரி நடந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற பாடகரான என்ரிகோ கரூசோ எந்தப் பெரிய ஓபராப் பாட்டையும் பாடியிருக்கலாம். அவர் பாடியவற்றில் ஒன்று, ஆங்கிலத்தில், 'தி லாஸ்ட் கார்ட்'. ஃபுல்ஹாம் வீட்டு அறையில் ஒரு தம்பி எழுதியது, 35 வருடம் கழித்து, கடலில் தங்கள் மனிதர்களை இழந்தவர்களுக்காக ஒலித்தது.

லண்டனில் தேம்ஸ் நதியோரப் பூங்காவில் சல்லிவனின் மார்பளவுச் சிலை இன்றும் நிற்கிறது. 1903-ல் திறந்தது. தூணில் சாய்ந்து ஒரு பெண் உருவம் அழுதுகொண்டிருக்கும். அது இசைத் தேவதையாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சிலையைப் பார்த்த கையோடு, இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த 1888 பதிவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கரகரப்புக்கு நடுவே, அண்ணனுக்குக் காவல் இருந்த அந்த ராத்திரியின் மெட்டு வரும்.